மூன்றாவது மாட்யூலுக்கு முன் ஒரு எர்த் கம்பி

"எந்த மாட்யூல் வாங்கலாங்க?" மாட்யூல் மாற்றிப் போடும் வால்வு கிட்டார் ஆம்ப் மீது ஆசை வந்துவிட்ட எவரும் முதலில் கேட்பது இதைத்தான். கோயம்புத்தூர் பேக்கரியில் டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வி வந்தால், நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். "வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் ஒழுங்கா வருதுங்களா? ஸ்பீக்கர் எத்தனை ஓம்?" கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும். இசை பேச வந்தவரிடம் வயரிங் பேசினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த ஆம்ப் நன்றாகப் பேசுவதும் புகைவதும் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும் சமாச்சாரங்களால்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டைத் தாண்டாது. அதை வளர்த்து, அதற்குக் குணத்தையும் கரகரப்பையும் கொடுப்பது ப்ரீஆம்ப். அங்கிருந்து வருவதை வாங்கி ஸ்பீக்கரை அசைக்கிற அளவுக்குப் பலம் கொடுப்பது பவர் ஆம்ப். சாதாரண ஆம்பில் இரண்டும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். மாட்யூலர் ஆம்பில் ப்ரீஆம்பைத் தனிப் பெட்டிகளாக்கி, இழுத்தால் வெளியே வரும்படி வைத்திருப்பார்கள். ஒரே டிராக்டரில் காலையில் கலப்பையும் மதியம் ரோட்டவேட்டரும் மாட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பவர் ஆம்ப்தான் டிராக்டர், மாட்யூல் பின்னால் மாட்டுகிற கருவி.

இந்த யோசனையை உருப்படியாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த புரூஸ் எக்நேட்டர். அவருடைய முறையை 2000-களில் ராண்டல் நிறுவனம் எடுத்துக்கொண்டு எம்டிஎஸ் என்ற பெயரில் ஆம்புகள் செய்தது. இப்போது அதே வழியில் வருவது சினர்ஜி. பழைய ராண்டல், எக்நேட்டர் மாட்யூல்களும் அதில் பொருந்தும் என்பதால் பழைய சந்தையிலும் இவற்றுக்கு மவுசு குறையவில்லை. ஒரு மாட்யூலுக்குள் வழக்கமாக இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இருக்கும். ஐரோப்பாவில் அதன் பெயர் ஈசிசி83. கட்டைவிரல் அளவுதான். அதற்குள் இரண்டு ட்ரையோடுகள், ஒவ்வொன்றின் பெருக்கத்திறனும் 100. பவர் பக்கத்தில் ஈஎல்34, 6எல்6 போன்ற பெரிய வால்வுகள் நிற்கும்.

வால்வு என்றதும் நம் ஊருக்குச் சம்பந்தமில்லாத சீமைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1954-ல் பக்ஷிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் 'மலைக்கள்ளன்' எடுத்தபோது உலகத்தில் சினிமா ஒலிப்பதிவு என்பதே வால்வுதான். அதற்கும் முன்பு, 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர் கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு. பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு தயாரிப்பில் இறங்கியது. பிஇஎல் என்று அச்சிட்ட அந்த ஈசிசி83-களையும் ஈஎல்84-களையும் வெளிநாட்டு கிட்டார்காரர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். நோம்பிக்குப் புளியமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட பழைய மைக் செட்காரர்களும் வால்வு ஆம்ப் ஓட்டியவர்கள்தான். "லோடு மாட்டாம செட்டைப் போடாதீங்க தம்பி" என்று அவர்கள் எடுபிடிப் பையன்களிடம் சொன்னது, கிட்டார் ஆம்ப் கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் அதே எச்சரிக்கை.

அந்த லோடு விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. வால்வுக்கு வேண்டியது உயர்ந்த வோல்டேஜும் சிறிய கரண்டும். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே நின்று மாற்றித் தருவது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்தால், ட்ரான்ஸ்ஃபார்மரில் சேரும் காந்த ஆற்றலுக்கு வெளியேற வழியில்லை. அது வால்வு பக்கமே திரும்பி, நானூறு ஐந்நூறு வோல்ட் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் இன்சுலேஷன் ஓட்டையாகும். ட்ரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்களுக்கு இது புதிது. அதில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. வால்வில் ஸ்பீக்கர் கழன்றால்தான் ஆபத்து.

அதனால் எப்போதும் முதலில் மாட்டுவது ஸ்பீக்கர். ஆம்பின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று தனித்தனித் துளைகளோ ஒரு செலக்டரோ இருக்கும். 8 ஓம் பெட்டி 8-ல். 16 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 8 ஓம். 8 ஓம் பெட்டிகள் இரண்டென்றால் 4. இதற்குக் கிட்டார் கேபிளைப் பயன்படுத்தவே கூடாது. இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் பலரும் மாட்டிவிடுகிறார்கள். கிட்டார் கேபிளின் நடுக்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டைத் தாங்காது. பாட்டின் நடுவில் அது அறுந்தால் மேலே சொன்னதுதான் நடக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், ஷீல்டு இல்லாத இரட்டை வயர் எடுத்து இரண்டு பக்கமும் ஜாக் வைத்துப் பற்றவைத்துக்கொண்டால் போதும். மைக் செட்காரர் பத்து நிமிடத்தில் செய்து தருவார்.

ட்ரான்ஸ்ஃபார்மர் போனாலும் என்ன, மோட்டார் ஊரில் காயில் கட்ட ஆளா இல்லை என்று தோன்றலாம். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் அந்தத் தைரியம் நியாயமானது. கணக்குத் தெரிந்த வைண்டிங் கடைக்காரர் கட்டிவிடுவார். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வேறு ரகம். அதில் பிரைமரியையும் செகண்டரியையும் பாகம் பாகமாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள். அப்படிச் சுற்றினால்தான் உச்ச ஸ்வரங்கள் மழுங்காமல் வரும். சுற்று எண்ணிக்கை சரியாக இருந்தும் அடுக்கு முறை மாறிவிட்டால் ஆம்ப் வேலை செய்யும், சத்தம் மட்டும் மந்தமாகிவிடும். பழையதைப் பிரிக்கும்போதே அடுக்குகளை வரைந்து வைத்துக்கொள்ளும் பொறுமை உள்ள ஆள் கிடைத்தால் கொடுக்கலாம்.

இனி கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து தூக்கிவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். சிலவற்றில் உள்ளேயே மாற்றும் வசதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாதவற்றுக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 50 வாட் ஆம்ப் என்றால் 50 வாட்தான் இழுக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு ஈஎல்34 வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் வேண்டும். நான்கு வால்வு என்றால் ஒரு ஸ்வரம் வாசிப்பதற்கு முன்பே ஏறத்தாழ 38 வாட் சூட்டுக்குப் போய்விடுகிறது. 500 வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மராக வாங்கிவிட்டால் நிம்மதி. வாங்கும்போது அதன் வெளிப்பக்க சாக்கெட்டில் எர்த் தொடர்கிறதா என்று பாருங்கள். மலிவான பலவற்றில் இரண்டு ஓட்டைதான் இருக்கும். எர்த் அங்கேயே அறுந்துவிடும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று போட்ட சாதனம் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எர்த்துக்கு வருகிறேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறதோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அவ்வளவே காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை அழகுக்கு மட்டும் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் முதலில் கேட்பது இரைச்சல்: கிட்டார் கம்பியைத் தொட்டால் குறையும், கையை எடுத்தால் கூடும். அதைவிட மோசமானது, ஆம்ப் ஒரு எர்த்திலும் மைக் இன்னொரு எர்த்திலும் இருப்பது. கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடப் போகிறவரின் உதடு மைக்கில் பட்டதும் அடிக்கும். கோயில் மேடையில் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து லைன் எடுக்கும்போது எர்த் கம்பியை ஈர மண்ணில் அடித்திருக்கிறார்களா என்று ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாசியுங்கள். கையில் இருப்பது இரும்புக் கம்பி. இரைச்சல் குறைகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற வைத்தியம் ஒன்று மேடைகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்கிறவரை மேடையை விட்டு இறக்கிவிடலாம்.

தோட்டத்து வீடாக இருந்தால் வோல்டேஜ் இன்னொரு தலைவலி. பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடும்போது ஒரு அளவு, நின்றபின் ஒரு அளவு. ஹீட்டர் வோல்டேஜ் பத்து சதவீதம் மேலோ கீழோ போனால் வால்வு பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் ஆயுள் குறையும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வைப்பதில் தப்பில்லை. கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸில் வாசிக்கலாமா என்றால், சைன் வேவ் யுபிஎஸ் என்றால் சரி. பழைய ஸ்கொயர் வேவ் பெட்டி என்றால் ஆம்ப் வண்டு மாதிரி ரீங்காரமிடும், ட்ரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். கரண்ட் வரும் வரைக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரை எடுங்கள்.

ஸ்பீக்கர், கரண்ட் இரண்டும் ஆயிற்று என்றால் மாட்யூலைச் செருகலாம். ஆம்ப் அணைந்து, பிளக்கும் வெளியே இருக்கும்போதுதான். பின்பக்க இணைப்பு வழியாக மாட்யூலுக்குப் போவதில் வால்வுக்கான உயர் வோல்டேஜும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் பின்களில் பொறி வரும், ஸ்பீக்கரில் வெடிச் சத்தம் வரும். தண்டவாளத்தில் நேராக வைத்துத் தள்ளினால் தானே உட்காரும். உட்காரவில்லை என்றால் கோணல். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள், குத்தித் தள்ளாதீர்கள். மில் தூசியும் பஞ்சும் பறக்கிற இடங்களில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பின்கள் சீக்கிரம் மங்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு முறை அடித்து உலரவிட்டால் பாதிப் புகார்கள் காணாமல் போகும்.

இப்போது ஸ்டாண்ட்பை சுவிட்ச் நிறுத்தத்தில் இருக்க, மெயின் சுவிட்சைப் போடுங்கள். வால்வுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். ஒரு நிமிடம் சூடாகட்டும், பிறகு ஸ்டாண்ட்பையைத் திருப்புங்கள். இந்த ஸ்டாண்ட்பை அவசியம்தானா என்று படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சுவிட்ச் இல்லாத ஆம்புகளும் பல்லாண்டு ஓடுகின்றன. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் சாப்பிடப் போகாதீர்கள். வெறும் சூட்டில் நெடுநேரம் கிடப்பது வால்வின் கேத்தோடுக்கு ஆகாது.

குமிழ்களில் குழப்பம் வருவது இங்கேதான். மாட்யூலில் கெயின் ஒன்று, வால்யூம் ஒன்று. ஆம்பில் மாஸ்டர் ஒன்று. மூன்றுமே சத்தத்தைக் கூட்டுவதுபோல்தான் தோன்றும். கெயின் என்பது மாட்யூலின் வால்வுகளை எவ்வளவு நிரப்புவது என்பது. நிரம்பி வழியும்போது சிக்னலின் முனைகள் மழுங்கும், நாம் டிஸ்டார்ஷன் என்று கொண்டாடுவது அதைத்தான். மாட்யூலின் வால்யூம், பவர் ஆம்புக்கு எவ்வளவு அனுப்புவது என்பது. மாட்யூல்களுக்கு இடையே மாறும்போது ஒன்று கத்தி ஒன்று முனகாமல் இருக்க, இதை வைத்துத்தான் சமன் செய்ய வேண்டும். கடைசியில் மாஸ்டர். ஆரம்பிக்கும்போது மாஸ்டர் பூஜ்யத்தில், மற்றதெல்லாம் நடுவில் இருக்கட்டும். பிறகு மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் பெரும்பாலான மாட்யூல்களில் குறைக்கத் தெரிந்த, கூட்டத் தெரியாத சர்க்யூட். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் நகரும். எனவே எண்ணைப் பார்க்காமல் காதால் வையுங்கள். பிரசன்ஸ், டென்சிட்டி என்று இரண்டு குமிழ்கள் ஆம்ப் பக்கத்தில் இருந்தால் அவை பவர் ஆம்பைச் சேர்ந்தவை. எந்த மாட்யூல் போட்டாலும் அவற்றின் பாதிப்பு தொடரும்.

மாட்யூலின் பெயரைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. அமெரிக்க ஃபெண்டர் பாணி, இங்கிலாந்து மார்ஷல் பாணி என்று வகைகள் வரும். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-ல் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை வைத்தே செய்யப்பட்டது. அப்படியும் இரண்டும் வேறாக ஒலித்ததற்கு வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் காரணம். மாட்யூலை மாற்றும்போது நீங்கள் மாற்றுவது முன்பாதியை மட்டும்தான். ஈஎல்34 பவர் ஆம்பில் ஃபெண்டர் மாட்யூல் போட்டால் ஃபெண்டர் வாடை அடிக்கும், ஃபெண்டராகிவிடாது. ஒரு தெளிவான மாட்யூல், ஒரு கரகரப்பான மாட்யூல் போதும் என்பது என் கட்சி. மூன்றாவதற்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் வாங்கினால் மாற்றம் பளிச்சென்று கேட்கும்.

பெடல்கள் வைத்திருந்தால் ஓவர்டிரைவ் வகைகளைக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே போடுங்கள். எக்கோ, ரிவர்ப் வகைகளைப் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்றிருக்கும் லூப்பில் போடுங்கள். கரகரப்புக்கு முன்னால் எக்கோ வைத்தால் எதிரொலியே கரகரத்துக் கூழாகும்.

வீட்டில் 50 வாட் தாங்குமா? தாங்காது. ஐந்து வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சத்தம்தான். பீளமேட்டு அபார்ட்மெண்டில் அதுவும் அதிகம். லோடு பாக்ஸ் என்ற பெட்டியை ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டினால் ஆம்ப் அதை ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும், பெட்டியில் வசதி இருந்தால் நீங்கள் ஹெட்போனில் கேட்கலாம். ஆம்பின் வாட்டைத் தாங்குகிற பெட்டியா, ஓம் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பழுது கண்டுபிடிப்பதில்தான் மாட்யூலர் ஆம்ப் தன் விலையை நியாயப்படுத்துகிறது. படபடவென்று சத்தம் வந்தால், ஆம்பை அணைத்துவிட்டு அந்த மாட்யூலைப் பக்கத்து இடத்தில் போடுங்கள். சத்தமும் கூடவே நகர்ந்தால் கோளாறு மாட்யூலில், அதே இடத்தில் நின்றால் ஆம்பில். பென்சிலின் பின்பக்கத்தால் சிறிய வால்வுகளை மெல்லத் தட்டும்போது ஏதாவது ஒன்று மணியடித்தால் அதை மாற்றினால் சரியாகும். ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை ஃபியூஸ் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறுபடியும் போனால் பெரும்பாலும் பவர் வால்வில் சிக்கல். பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டுவது ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொளுத்துகிற வேலை. பெரிய வால்வுக்குள் சாம்பல் நிறத் தகடு செக்கச் சிவந்தால் யோசிக்காமல் அணையுங்கள்.

பவர் வால்வு மாற்றும்போது பெரும்பாலான பெரிய ஆம்புகளில் பயாஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்ட்) பார்க்க வேண்டும். கணக்கு எளிது. ஈஎல்34 தாங்குவது 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்குச் சுமார் 39 மில்லி ஆம்பியர். கணக்கு எளிது என்பதால் வேலையும் எளிது என்று உள்ளே கையை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அந்த 450 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பழைய வால்வு ரேடியோ, மைக் செட் பார்த்த கைகள் நம் ஊர்களில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அவர்களிடம் சர்க்யூட் படத்தையும் கொடுத்தால் போதும். புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்யச் சரக்கு தடைபட்டபோது விலை ஏறியது. பவர் வால்வில் ஜோடி ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பழையது ஒன்று விலைக்கு வருகிறது என்றால், பணம் அனுப்புவதற்கு முன் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், ஸ்பீக்கர் துளைகள் எத்தனை ஓம் என்று மூன்றும் அதில் தெரிய வேண்டும். படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.